விரலிடுக்கில் ஒரு முத்து

அந்தத் தெருவில் பதினொரு நாளாக ஒரு வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை. தாளித்தால் ஆத்தாளுக்கு ஆகாது என்று யாரோ கிளப்பிவிட, மாப்பிள்ளையூரணியின் அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் வேப்பிலையைச் செருகிக்கொண்டு, ருசியில்லாத குழம்பை ஊற்றித் தின்றுகொண்டிருந்தது. பயம் வந்துவிட்டால் நாக்கு எதற்கும் பழகிவிடும் போல.

எல்லாம் மகாராஜன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்த வினை. அண்ணாச்சியின் தம்பி செந்தில்வேல் துபாயிலிருந்து லீவில் வந்ததையும், வந்த நாலாம் நாளே காய்ச்சலும் கொப்புளமுமாகப் படுத்ததையும் இதுவரை படித்தவர்கள் அறிவீர்கள். “அம்மா முத்துப் போட்டிருக்கா” என்று அவனைப் பெற்ற இசக்கியம்மாள் வேப்பிலையைப் பரப்பி அவனைக் கிடத்தினாள். நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், இது சின்னம்மை மாதிரித் தெரியவில்லையே என்று கொப்புளத்து நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். குரங்கம்மை என்று முடிவு வந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனபோது தெருவே மாடியில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மகாராஜனின் பலசரக்குக் கடையில் வாழைத்தார் கறுத்துப்போய்த் தொங்கியது. ஏனாம்? குரங்கம்மை குரங்கிடமிருந்து வருகிறது, குரங்கு பழம் தின்கிறது, ஆகவே பழத்தில் நோய் இருக்கிறது! இதைக் கண்டுபிடித்த மேதாவி யாரென்று தெரிந்தால் ஒரு மாலை வாங்கிப் போடலாம். காற்றில் வருகிறது என்று சிலர் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார்கள். இன்னும் சிலர், துபாயில் பயல் போகக்கூடாத இடத்துக்குப் போயிருப்பான் என்று கண்ணடித்துச் சிரித்தார்கள். அங்கே பகல் ஷிப்டுக்காரனும் ராத்திரி ஷிப்டுக்காரனும் ஒரே கட்டிலில், ஒரே போர்வையில் மாறி மாறித் தூங்குவோம் என்று அவன் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

வெளியே இத்தனை கூத்து நடந்தபோது வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

மகாராஜனின் மனைவி பானுப்ரியா அன்று காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ரெண்டு நாளாக உடம்பு கனகனவென்று இருந்தது, கழுத்தில் நெறி கட்டியிருந்தது. மூன்றாம் மாதம் அல்லவா, மசக்கையோடு இதுவும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை. காய்ச்சல் வந்தால்கூட அவளுக்கு உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கழுநீரில் கையை விட்டபோது வலது கையில் சுருக்கென்றது. எடுத்துப் பார்த்தாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கொப்புளம். மிளகளவு இருக்கும். கெட்டியாக, பளபளவென்று, நடுவில் சின்னதாக ஒரு குழியோடு.

சூடு பட்டால் வருகிற கொப்புளம் எப்படி இருக்கும் என்று அடுப்படியில் கிடப்பவளுக்குத் தெரியாதா? இது அது இல்லை. இதே மாதிரியை அவள் பார்த்திருக்கிறாள். அறைவாசலில் சோற்றுத் தட்டை வைக்கும்போது கொழுந்தன் செந்தில்வேலின் முழங்கையில் வரிசையாகப் பார்த்திருக்கிறாள்.

அரிசியை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

இசக்கியம்மாள் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்த, இதப் பாருங்க.”

இசக்கியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்ட நின்றே பார்த்தாள். “என்னளா அது? சட்டி சுட்டிருக்கும்.”

“சட்டி சுடல அத்த. தம்பிக்கு இருந்த மாதிரியே இருக்கு. நடுவுல குழி இருக்கு பாருங்க.”

“கிறுக்கச்சி மாதிரிப் பேசாத. உனக்குத்தான் எட்டு வயசுலேயே வந்திருக்கே! ஒருக்க வந்த ஒடம்புல ஆத்தா மறுக்க வரமாட்டா. ஊரு ஒலகத்துக்கே தெரியும், உனக்குத் தெரியாதாக்கும்.”

பானுப்ரியாவின் நெற்றியிலும் கன்னத்திலும் ஏழெட்டுக் குழிகள் உண்டு. சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் மிச்சம். பெண் பார்க்க வந்த அன்று, தட்டில் மிக்சரும் அல்வாவும் இருக்க, சபையில் வைத்து இதே இசக்கியம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? “பிள்ள செவப்புதான், ஆனா மூஞ்சியக் கோழி கொத்தின மாதிரில்லா இருக்கு.” ஆறு வருஷமாக ஒரு சண்டைக்கும் அந்தக் கோழி வராமல் இருந்ததில்லை.

பதினொரு நாளைக்கு முன்னால் அந்தக் குழிகளுக்குத் திடீரென்று மவுசு வந்தது. செந்தில்வேலை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிய கையோடு, அவன் படுத்துக் கிடந்த விரிப்பையும் போர்வையையும் லுங்கிகளையும் ஒரு கம்பால் தள்ளித் தள்ளி, முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டாள் இசக்கியம்மாள்.

“ஏளா பானு, இதெல்லாம் நீ அலசிப் போட்டுரு. எங்க ஒருத்தருக்கும் அம்மை வந்ததில்ல. உனக்குத்தான் வந்திருக்கு. நீ தொட்டா ஒண்ணுஞ் செய்யாது.”

கல்யாணமாகி வந்து முதல் தடவையாக ‘உனக்கு’ என்ற சொல்லை மாமியார் கொஞ்சம் மரியாதையோடு சொன்னதாக அவளுக்குப் பட்டது. இளித்தவாய்ச்சி! அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி உட்கார்ந்து, சீழும் பொருக்கும் ஒட்டிக் காய்ந்த விரிப்பை வெறுங்கையால் சோப்புப் போட்டுக் கும்மி எடுத்தாள். தேங்காய் துருவியபோது ஆள்காட்டி விரலோரம் கீறியிருந்தது. சோப்புத் தண்ணீரில் அது எரிந்தது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“நர்ஸம்மா வர்ற நேரம். கைய மூடிக்கிட்டு உள்ள போய் இரு” என்றாள் இசக்கியம்மாள். “ஒண்ணுமில்லாததப் பெருசாக்கிராத. மறுபடியும் அந்த வண்டி நம்ம வாசல்ல வந்து நின்னுச்சுன்னா கடையப் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

ராஹிலா சிஸ்டர் காயல்பட்டினத்துக்காரி. பதினொரு நாளாகத் தவறாமல் வந்து இந்த வீட்டுக்காரர்களிடம் காய்ச்சல் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறவள். தெருவில் ஒருத்தரும் மிதிக்காத படியை மிதிக்கிற ஒரே ஆள். நோயாளியைத் தொட்டது யார் என்று முதல் நாள் கேட்டபோது, “நான் மட்டுந்தான். மருமவ அந்த அறைப் பக்கமே போகல” என்று இசக்கியம்மாள் எழுத வைத்திருந்தாள். மருமகள் பெயரைச் சொன்னால் அவளையும் தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம் சோறு யார் பொங்குவது?

“அம்மா, காய்ச்சல் உண்டா? ஒடம்புல எங்கயாவது கொப்புளம்?” என்று ராஹிலா வழக்கம்போலக் கேட்டாள்.

“ஒண்ணுங் கெடையாது தாயி. மாரியாத்தா புண்ணியத்துல எல்லாரும் நல்லாருக்கோம்.”

“வீட்டுல மத்தவங்க?”

“எல்லாரும் நல்லாருக்கோம்னு சொல்லுதேம்லா.”

அறைக்குள் நின்ற பானுப்ரியா கையை மூடித் திறந்தாள். வெளியே போனால் இன்றைக்கு ராத்திரி இந்த வீட்டில் இருக்க முடியாது. போகாவிட்டால்? வயிற்றில் இருப்பது அவளை அல்லவா நம்பி இருக்கிறது! மாமியார் முறைக்க முறைக்க முற்றத்துக்கு வந்து கையை நீட்டினாள்.

“சிஸ்டர், எனக்கு இருக்கு.”

ராஹிலா பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் விரலை விரித்துப் பார்த்தாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். காய்ச்சல் கருவியை நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்த்தாள். சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

“இது எப்பருந்து?”

“இன்னைக்குத்தான் பார்த்தேன். காய்ச்சல் ரெண்டு நாளா இருக்கு.”

“நீதான் அந்த அறைக்கே போகலையேம்மா?”

“துணி தொவச்சேன் சிஸ்டர். தம்பி படுத்திருந்த விரிப்பு, போர்வை எல்லாம்.”

“வெறுங்கையோடவா? அல்லாவே!” ராஹிலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஏம்மா இப்படிச் செஞ்ச?”

“எனக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கு. அதனால மறுக்க வராதுன்னு...”

“யாரு சொன்னா? பேருலதாம்மா ரெண்டும் அம்மை. சின்னம்மைக் கிருமி வேற, இந்தக் கிருமி வேற. அது வந்தவங்களுக்கு இது வராதுன்னு ஒரு கணக்கும் கெடையாது. தெருவுல போறவன் மூக்கைப் பொத்துறான், வாழைப்பழத்தைப் பார்த்து ஓடுறான். அதுல ஒண்ணும் இல்ல. இது பெரும்பாலும் கொப்புளத்தைத் தொட்டா வரும், அந்த நீரு பட்ட துணியைத் தொட்டா வரும். கையில கீறல் இருந்துச்சா?”

பானுப்ரியா தலையை ஆட்டினாள்.

இசக்கியம்மாள் சும்மா இருப்பாளா? “நான் ஒண்ணுஞ் சொல்லல தாயி. அவளாத்தான் எடுத்துத் தொவச்சா. வேண்டாம்ளா, போட்டுரு, எரிச்சுருவோம்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்.”

மனுஷி இப்படியுமா பொய் சொல்லுவாள்? அதுவும் வாய் கூசாமல், துளசிச் செடிப் பக்கத்தில் நின்றுகொண்டு!

ராஹிலா இசக்கியம்மாளின் இடது கையைப் பார்த்தாள். ரவிக்கைக்குக் கீழே பழைய காலத்து அம்மைத் தடுப்பூசியின் தழும்பு, காசளவுக்கு ரெண்டு வட்டமாக இருந்தது.

“பெரியம்மைக்கு ஊசி குத்துனவங்களுக்காவது இதுல கொஞ்சம் காப்பு இருக்கும்னு டாக்டருங்க சொல்லுவாங்க. இந்த வீட்டுல அது குத்தியிருக்கிறது உங்களுக்கு மட்டுந்தான். யாராவது ஒருத்தர் தொவச்சே ஆகணும்னா, கையுறையைப் போட்டுக்கிட்டு நீங்க தொவச்சிருக்கணும்மா.”

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து அந்தத் தழும்பை மூடிக்கொண்டாள்.

“பானு, தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?”

“மூணு மாசம் சிஸ்டர்.”

ராஹிலா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பானுப்ரியா பின்னாலேயே ஓடி, “பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா சிஸ்டர்?” என்று கேட்டாள்.

“இது அதுதானான்னே இன்னும் தெரியாது. சோதிச்சுப் பார்க்கணும். அதுதான்னா மாசமா இருக்கிறவங்களைக் கூடுதலாக் கவனிக்கணும். நான் உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்மா. இன்னைக்கே வந்து படுத்துரு.”

இசக்கியம்மாள் போன் போட்டு அழுத அழுகையில் மகாராஜன் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான். வியர்த்து விறுவிறுத்து நின்றவனின் ரெண்டு கையிலும் வெள்ளை ரப்பர் கையுறை. பத்து நாளாகக் கடையில் இப்படித்தான். கையுறை போட்டுச் சாமான் பொட்டலம் கட்டினால் ஜனங்களுக்குப் பயம் தெளியும் என்பது அவனுடைய யோசனை.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. துணியை இவங்களைத் தொவைக்கச் சொன்னது யாரு? நான் எழுதணும்” என்றாள் ராஹிலா.

பானுப்ரியா அவன் முகத்தையே பார்த்தாள். அன்றைக்கு அவனும் முற்றத்தில்தான் நின்றான். அவள் பிழிந்து கொடுத்த போர்வையின் மறுநுனியைப் பிடிக்க வந்தவன், என்ன நினைத்தானோ, பிடிக்காமல் பின்வாங்கிப் போனான்.

மகாராஜன் தாயைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

“நான் கடையில இருந்தேன் சிஸ்டர். எனக்குத் தெரியாது.”

இவ்வளவுதான் அவன் வீரம். பானுப்ரியா துணி எடுத்துவைக்க அறைக்குள் போனாள். ரெண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு. பையின் ஜிப்பை இழுக்கும்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செந்தில்வேல்.

“மைனி, அம்மா போன்ல ஒரே அழுகை. உங்க கையில கொப்புளமாமே, நெசமா?”

“ஆமா தம்பி. உங்களுக்கு எப்படி இருக்கு?”

“எனக்குப் பொருக்கெல்லாம் உதிர ஆரம்பிச்சுட்டு. என்னய விடுங்க. கையுறை போட்டுத்தான தொவச்சிய?”

“எந்தக் கையுறை?”

“மைனி, டாக்டர் எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னாரு. துணிய பிளீச்சிங் தண்ணியில ஊறப் போடணும், கையுறை இல்லாம ஒருத்தரும் தொடக்கூடாது, வீட்டுல மாசமா இருக்கிறவங்க பக்கத்துலயே வரக்கூடாதுன்னு. ஆம்புலன்ஸ்ல ஏறையில அண்ணன்ட்ட அப்படியே ஒப்பிச்சேன். உடனே போய் ஒரு பெட்டி கையுறை வாங்கிட்டேன்னு அண்ணன்தான் போன்ல சொன்னான். உங்ககிட்ட குடுக்கலையா?”

“நான் பொறவு பேசுதேன் தம்பி” என்று போனை வைத்தாள்.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து மகாராஜனுக்கு நாலடி தள்ளி நின்றாள்.

“கையுறை நல்லாருக்கா?”

அவன் சட்டென்று கைகளைப் பின்னால் கொண்டுபோனான்.

“தம்பி உங்ககிட்ட சொல்லியிருக்கு. மாசமா இருக்கிறவ பக்கத்துலயே வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. உங்களுக்குத் தெரியும்.”

“பானு, அது... நான் அம்மாகிட்ட சொன்னேன். அம்மாதான், அவளுக்கு ஏற்கெனவே வந்திருக்கு, அவளுக்கு எதுக்குன்னு... நானும் சரிதான்னு நெனச்சுட்டேன்.”

“நெனச்சியளா? இல்ல, நெனைக்க வசதியா இருந்துச்சா?”

மகாராஜன் மறுபடியும் தாயின் பக்கம் திரும்பினான்.

“அம்மை தெரியாத்தனமா வந்தா விதின்னு கெடந்திருப்பேன். உங்க அம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது, படிக்காத மனுஷி. நீங்க தெரிஞ்சவுக. தெரிஞ்சுக்கிட்டு நின்னு பார்த்தியளே, நான் கும்முறத! ஒரு வார்த்தை, ‘ஏளா போட்டுரு’ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா வாயில என்ன முத்து உதிர்ந்துருமா?”

ராஹிலா தலையைக் குனிந்து தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோங்க சிஸ்டர். மாமியார் தொவைக்கச் சொன்னா. புருசன் தெரிஞ்சும் தடுக்கல. நான் தொவச்சேன். விட்டுப்போகாம எழுதுங்க.”

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வீட்டு ஜன்னலாகச் சாத்துகிற சத்தமும் கூடவே கேட்டது. காற்றில் வருகிறதாமே!

வண்டி வாசலில் வந்து நின்றது. முழுக்க மூடிய உடுப்போடு இறங்கிய ஆள், “கூட ஒருத்தர் வாங்க. வார்டுக்குள்ள விட மாட்டாங்க, கையெழுத்துப் போட ஆள் வேணும்” என்றான்.

மகாராஜன் ஓரடி எடுத்து வைத்தான். எடுத்து வைத்தான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும், பொய் சொல்லக்கூடாது. அவன் சட்டையின் முதுகை இசக்கியம்மாள் கொத்தாகப் பிடித்தாள்.

“ஏலே, எங்க போற? உனக்கு அம்மை வந்ததே கெடையாதேலே!”

அவன் நின்றுவிட்டான்.

பானுப்ரியா சிரித்தாள். அவளுக்கே அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது. “கையெழுத்து நானே போடுவேன்” என்று வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ராஹிலா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். “நான் பின்னாலேயே வர்றேன் பானு, பயப்படாத” என்றாள்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மகாராஜனின் குரல் வாசலிலிருந்து வந்தது. “பானு, டாக்டர் என்ன சொல்லுதாருன்னு உடனே போன் பண்ணு, என்ன?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு நின்றான்.

“போன் பண்ண மாட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலன்னா எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன், நீங்க தேட வேண்டாம். ஏதாவது ஆச்சுன்னா நேரா இங்கனதான் வருவேன். கதவத் தெறந்து வச்சிருங்க.”

வண்டிக்காரன் பின்கதவைச் சாத்தினான்.